பிரிட்டிஷ் நகைச்சுவை இசைத்தட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்கள் பாட்டுத் தட்டுகளைத் தாண்டி பிரிட்டிஷ் காமெடித் தட்டுகள் பக்கம் வரும்போது கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

காமெடி ரெக்கார்டுன்னா மேடையில பேசினதை அப்படியே பதிஞ்சதுதானே? நம்ம பட வசன ரெக்கார்டு மாதிரி?

சில தட்டுகள் அப்படி, பல அப்படி இல்லை. பட வசனத் தட்டு ஏற்கெனவே பார்த்த காட்சியை நினைவூட்டுகிறது. நல்ல பிரிட்டிஷ் காமெடித் தட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு காட்சி கிடையாது. காதுக்கென்றே எழுதி, ஸ்டூடியோவில் சத்தங்களைக் கோத்துச் செய்தது அது. இதைத் தவிர அரங்கில் ரசிகர்கள் முன் பதிந்தவை உண்டு, வேடிக்கைப் பாட்டுகள் உண்டு. காமெடியன் கொஞ்சமும் சிரிக்காமல் உருகிப் பாடிய தட்டுகளும் உண்டு. அந்தக் குழப்பத்துக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

எதுவானாலும் ஒரே அளவுகோல் போதும்: இரண்டாவது தடவை கேட்டாலும் சுவை தாங்குகிறதா? நகைச்சுவைத் துணுக்கு முதல் தடவையோடு தீர்ந்துபோகும். காசு கொடுத்து வாங்கிய தட்டு ஐம்பது தடவையாவது ஓட வேண்டும். இந்தத் துறையின் கெட்டிக்காரத்தனமெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இது எப்பத்திலேருந்து இருக்கு?

ரெக்கார்டிங் தொடங்கிய நாளிலிருந்தே. மியூசிக் ஹால் எனப்பட்ட கேளிக்கை அரங்குகளின் நட்சத்திரங்களைத்தான் கம்பெனிகள் முதலில் பிடித்தன. ஸ்காட்லாந்துக்காரர் ஹாரி லாடர் அவர்களில் பெரியவர். 1919-ல் சர் பட்டம் பெற்றார். 1925 வரை மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய குழலுக்குள் கத்த வேண்டும், அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மெல்லிய குரலும் நுணுக்கமான முணுமுணுப்பும் பதியவே பதியாது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். மேடையில் பத்து நிமிடம் இழுத்த பாட்டைத் தட்டுக்காக வெட்டிச் சுருக்கினார்கள்.

சார்லஸ் பென்ரோஸின் ‘த லாஃபிங் போலீஸ்மேன்’ இரண்டு காலத்துக்கும் பொதுவான சாட்சி. 1922-ல் குழலில் பதிந்தார். மைக் வந்த பிறகு 1926-ல் மறுபடி பதிந்தார். மெட்டு அவருடையதல்ல. ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்ற கறுப்பின அமெரிக்கப் பாடகர் 1890-களிலேயே பதிந்த சிரிப்புப் பாட்டின் மெட்டு அது. தட்டில் பென்ரோஸின் பெயர் ‘சார்லஸ் ஜாலி’ என்று இருக்கும். போலி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

ஜார்ஜ் ஃபார்ம்பி கையில இருக்கிறது யுகுலேலேவா, பாஞ்சோவா?

நகைச்சுவைப் பாடகர் ஃபார்ம்பி வாசித்தது இரண்டும் சேர்ந்த பாஞ்சோலேலே. தோல் போர்த்திய பாஞ்சோ உடம்பு, யுகுலேலேயின் நான்கு நரம்பு, அதே சுருதி. மரப்பெட்டி யுகுலேலேயைவிடச் சத்தம் கூர்மையாகவும் குட்டையாகவும் வரும். அதனால்தான் பாட்டின் நடுவில் அவர் வாசிக்கிற வேகமான பகுதி நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டின் கரகரப்பையும் தாண்டித் தெளிவாகக் கேட்கிறது.

‘வென் ஐம் கிளீனிங் விண்டோஸ்’ (1936) பாட்டில் ஜன்னல் துடைப்பவன் உள்ளே கண்டதையெல்லாம் சொல்கிறான். ‘வித் மை லிட்டில் ஸ்டிக் ஆஃப் பிளாக்பூல் ராக்’ (1937) பாட்டில் வருவது பிளாக்பூல் கடற்கரையில் விற்கும் குச்சி மிட்டாய்தான், ஆனால் பாட்டு மிட்டாயைப் பற்றியது இல்லை. இரண்டையும் பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது.

பி.பி.சி. தடை பண்ணினா தட்டு விக்காதே?

கடையில் விற்பதை பி.பி.சி. தடுக்க முடியாது, தன் ஒலிபரப்பில் சேர்க்காமல் இருக்க மட்டுமே முடியும். ஆனால் பி.பி.சி. வானொலிக்கு உள்நாட்டில் போட்டியே இல்லாத காலத்தில் அது பலத்த அடி. அதனால் சிலர் வரியை மாற்றினார்கள். சார்லி டிரேக்கின் ‘மை பூமராங் வோன்ட் கம் பேக்’ (1961) பாட்டில் பயிற்சி செய்து செய்து முகம் கறுத்துப்போனதாக ஒரு வரி. எதிர்ப்பு வந்ததும் முகம் நீலமானதாக மாற்றிப் பதிந்தார்கள். ஒரு சொல்தான் மாறியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரைக் கேலி செய்யும் மீதிப் பாட்டு அப்படியே நின்றது.

தடையே விற்றுக்கொடுத்த தட்டும் உண்டு. ஜாஸ்பர் கேரட்டின் ‘ஃபங்கி மோபெட்’ 1975-ல் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. மக்கள் வாங்கியது மறுபக்கத்துக்காக. குழந்தைகள் நிகழ்ச்சியான ‘மேஜிக் ரவுண்டபவுட்’டை ஆபாசமாகக் கிண்டல் செய்த அந்தப் பேச்சை வானொலியில் போடவே முடியாது, தட்டில்தான் கேட்க முடியும்.

பழைய ஆளுங்க எத்தனாவது இடத்துக்கு வந்தாங்கன்னு தேடினா ஒண்ணும் கிடைக்கலையே?

பிரிட்டனில் தட்டு விற்பனைப் பட்டியல் தொடங்கியதே 14 நவம்பர் 1952-ல்தான். லாடர், பென்ரோஸ், ஃபார்ம்பியின் பெரிய நாட்கள் எல்லாம் அதற்கு முன். அவர்களுடைய பாட்டு ‘நம்பர் ஒன்’ ஆனது என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.

‘கூன்ஸ்’ யாரு? ‘யிங் டாங் சாங்’ல அர்த்தமே இல்லையே?

ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீக்கம் ஆகியோரின் ‘த கூன் ஷோ’ 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியில் ஓடியது. மில்லிகன் பிறந்தது நம் அகமதுநகரில், 1918-ல். தர்க்கத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, சத்தங்களாலேயே கதை சொன்ன நிகழ்ச்சி அது.

‘யிங் டாங் சாங்’ பாட்டில் அர்த்தம் தேடாதீர்கள், இல்லை என்பதுதான் வேடிக்கை. அசட்டு அசைகள் திரும்பத் திரும்ப வரும், நடுவில் வாயால் விடும் கெட்ட சத்தம், திடீரென்று உச்சஸ்தாயியில் உருக்கம். டெக்கா நிறுவனம் 1956-ல் வெளியிட்டு மூன்றாம் இடம் வந்தது. 1973-ல் மறுபடி வெளியிட்டபோது ஒன்பதாம் இடம். பதினேழு வருடம் கழித்தும் விற்றது என்றால், முதல் கேள்வியில் சொன்ன அளவுகோலில் தேறிவிட்டது.

ஜார்ஜ் மார்ட்டின் பீட்டில்ஸ் ஆளுதானே? இங்க எங்க வந்தாரு?

இங்கேயிருந்துதான் அங்கே போனார். இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் குழுமத்தில் பார்லஃபோன் ஒரு சின்ன லேபிள், அதாவது தட்டு வெளியிடும் பிராண்ட். 1955-ல் அதன் பொறுப்பை ஏற்ற மார்ட்டின் பெரிய பாடகர்கள் கையில் இல்லாததால் நகைச்சுவையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1952-ல், நடிகர் பீட்டர் உஸ்தினோவ் ஒருவரையே பல குரலில் பாடவைத்து ‘மாக் மோட்சார்ட்’ செய்திருந்தார். பல தட நாடா வராத காலம். ஒரு குரலைப் பதிந்து, அதை ஓடவிட்டபடி அடுத்த குரலையும் சேர்த்து இன்னொரு நாடாவில் பதிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடும். சறுக்கினால் முதலிலிருந்து.

பெர்னார்ட் கிரிப்பின்ஸின் ‘ஹோல் இன் த கிரவுண்ட்’, ‘ரைட் செட் ஃப்ரெட்’ இரண்டும் 1962-ல் மார்ட்டின் தயாரித்தவை. முறையே ஒன்பதாம், பத்தாம் இடம். இரண்டாவதில் ஒரு கனமான சாமானை நகர்த்த வந்த ஆட்கள் கதவைக் கழற்றுகிறார்கள், சுவரை இடிக்கிறார்கள், இடையிடையே டீ குடிக்கிறார்கள். அந்தச் சாமான் என்னவென்று கடைசிவரை சொல்வதில்லை. தட்டுக்கென்றே எழுதிய நகைச்சுவைக்கு இதைவிடச் சிறிய, சுத்தமான உதாரணம் கிடையாது. பீட்டில்ஸ் பையன்கள் மார்ட்டினை மதித்ததற்கு அவர் செல்லர்ஸையும் மில்லிகனையும் பதிந்தவர் என்பது ஒரு முக்கியக் காரணம்.

பீட்டர் செல்லர்ஸ்ல எதை முதல்ல வாங்கணும்?

‘த பெஸ்ட் ஆஃப் செல்லர்ஸ்’ என்ற பத்து அங்குலத் தட்டை. பெயரைப் பார்த்துத் தொகுப்பு என்று ஏமாறாதீர்கள், எல்லாம் புதிதாகப் பதிந்தவை. அதில் ‘பாலம், கேட்வே டு த சவுத்’ என்று ஒன்று. சுற்றுலா விளம்பரப் படங்களின் கம்பீரக் குரலில் பாலம் (Balham) என்ற லண்டனின் சாதாரணப் புறநகரைச் சொர்க்கபூமியாக வர்ணிக்கிறார்கள்.

அடுத்தது 1959-ல் வந்த ‘சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் செல்லர்ஸ்’. அட்டையை உற்றுப் பாருங்கள்: மரத்திலிருந்து தொங்கும் இரண்டு பூட்ஸ் கால்கள், கீழே தரையில் ஒரு ரெக்கார்டு பிளேயர். முதல் பாட்டில் ‘ஃப்ரெட் ஃப்ளாஞ்ச்’ என்பவர் அச்சு அசல் சினாட்ராவாகப் பாடுகிறார். அது செல்லர்ஸ் இல்லை, மாட் மன்ரோ. செல்லர்ஸ் கேட்டுப் பழக மாதிரியாகப் பாடிக்கொடுக்க வந்தவர். பாடியது அவ்வளவு நன்றாக இருந்ததால் அதையே தட்டில் வைத்துவிட்டார்கள். 1960-லேயே மன்ரோ சொந்தப் பெயரில் பார்லஃபோனில் வெற்றி கண்டார். எனவே “செல்லர்ஸ் என்னமா சினாட்ரா பண்றார்!” என்று யாராவது சொன்னால் திருத்திவிடலாம்.

‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’யில இந்தியனை மட்டம் தட்டுறாங்கதானே? இதை இன்னிக்கு ரசிக்கலாமா?

வெள்ளைக்காரர் இந்திய உச்சரிப்பைச் சிரிப்புக்காகப் போடுகிறார் என்பதை மறைக்க ஒன்றும் இல்லை. ‘த மில்லியனரெஸ்’ படத்தில் செல்லர்ஸ் இந்திய டாக்டர், சோஃபியா லோரன் பணக்காரி. படத்தின் விளம்பரத்துக்காக 1960-ல் பதிந்த பாட்டு. படத்துக்குள் அது கிடையாது. நான்காம் இடம் வந்தது. பாட்டில் டாக்டர் முட்டாளாக வருவதில்லை, அவரும் காதலில் விழுகிறார். ஆனால் அந்த உச்சரிப்பு பிரிட்டனில் இருந்த இந்தியப் பிள்ளைகளைச் சீண்டப் பயன்பட்டது. 1990-களில் பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்கள் தங்கள் பி.பி.சி. காமெடித் தொடருக்கு இதே பெயரை வைத்தார்கள். கேலியைத் திருப்பிப் பிடித்த அந்தச் செயல் தெரிந்து கேட்டால் தட்டு வேறுமாதிரி ஒலிக்கும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், செல்லர்ஸிடம் வேறு சரக்கு நிறைய இருக்கிறது.

‘பிரிட்ஜ் ஆன் த ரிவர் வை’ன்னு இருக்கே, அச்சுப்பிழையா?

பிழை இல்லை, வக்கீல் பயம். 1962-ல் மில்லிகன், செல்லர்ஸ், ஜொனதன் மில்லர், பீட்டர் குக் சேர்ந்து க்வாய் நதிப் பாலப் படத்தைக் கிண்டல் செய்து ஒரு முழுத் தட்டு பதிந்தார்கள். படக் கம்பெனி வழக்குப் போடும் என்ற நிலை வந்தது. மார்ட்டின் மறுபடி பதியவில்லை. ‘க்வாய்’ என்று வந்த இடங்களில் எல்லாம் நாடாவிலிருந்து ‘க்’ ஒலியை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினார். வேல்ஸ் பக்கம் ஓடும் வை நதி வந்துவிட்டது. நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்தில், சொல்லின் முதல் மெய் முடிந்து அடுத்த ஒலி தொடங்கும் இடத்தைக் கையால் நாடாவை முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேக்கிற சிரிப்பு உண்மையா, சேர்த்ததா?

அரங்கத் தட்டுகளில் பெரும்பாலும் உண்மை. லண்டனின் ஃபார்ச்சூன் தியேட்டர் இதற்குப் பேர்போனது. ஃபிளாண்டர்ஸ் அண்ட் ஸ்வான் என்ற இரட்டையரின் ‘அட் த டிராப் ஆஃப் எ ஹாட்’ அங்கேதான் இரண்டு தடவை பதிவானது: 1957-ல் மோனோ, 1959-ல் கடைசிக் காட்சியன்று ஸ்டீரியோ. இரண்டிலும் பேச்சு கொஞ்சம் வேறுபடும், எனவே இரண்டையும் வைத்திருப்பது வீண் இல்லை. 1961-ல் ‘பியாண்ட் த ஃபிரிஞ்ச்’ என்ற நகைச்சுவை மேடை நிகழ்ச்சியின் தட்டும் அதே இடத்தில்.

டி.வி.யில் வந்ததைத் தட்டாக்கினால்தான் தொல்லை. முகத்தைப் பார்த்து ரசிகர்கள் சிரித்தது தட்டில் காரணமில்லாத சிரிப்பாகிவிடும். டோனி ஹான்காக்கின் ‘த பிளட் டோனர்’, ‘த ரேடியோ ஹாம்’ இரண்டையும் பை நிறுவனம் 1961-ல் ரசிகர்களை உட்காரவைத்துத் தட்டுக்கென்றே மறுபடி பதிந்தது அதனால்தான். டி.வி. பதிவோடு ஒப்பிட்டு வசனம் மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

அரங்கச் சிரிப்பின் உச்சம் கேட்க வேண்டுமானால் ஜெரார்ட் ஹாஃப்னங் 4 டிசம்பர் 1958-ல் ஆக்ஸ்ஃபோர்ட் யூனியனில் பேசியது. கொத்தனார் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசிக்கிறார். செங்கல் நிறைந்த பீப்பாய் கீழே வர, கயிற்றைப் பிடித்த கொத்தனார் மேலே போகிறார், பாதிவழியில் பீப்பாய் தோளில் இடிக்கிறது. பீப்பாயின் அடி உடைந்து செங்கல் கொட்டியதும் எல்லாம் தலைகீழ். அடுத்து என்ன என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஹாஃப்னங் வாயே திறப்பதில்லை, மௌனத்திலேயே சிரிப்பு எழுகிறது. ஐம்பது தடவை தாங்குவது அந்த இடைவெளிதான், சொற்கள் இல்லை.

கென் டாட் தட்டு வாங்கினேன், ஒரு சிரிப்புகூட வரலை. ஏமாந்துட்டேனா?

‘டியர்ஸ்’ வாங்கியிருப்பீர்கள். அது சோகப் பாட்டு. 1965-ல் ஐந்து வாரம் முதலிடம், அந்த வருடம் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் (ஒற்றைப் பாட்டுக்காக விற்கும் சின்னத் தட்டு), பத்து லட்சத்துக்கு மேல். மேடையில் முடியைச் சிலுப்பிக்கொண்டு மணிக்கணக்காகச் சிரிக்கவைத்தவர் தட்டில் நேராகப் பாடினார். மியூசிக் ஹால் மரபில் காமெடியன் நிகழ்ச்சியை உருக்கமான பாட்டோடு முடிப்பது வழக்கம். அது தட்டுக்கும் வந்தது. ஹாரி சீக்கமும் இப்படித்தான். கூன்ஸில் கோமாளி, ‘திஸ் இஸ் மை சாங்’ (1967, இரண்டாம் இடம்) பாடும்போது முழு டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரல் பாடகர். காமெடி வேண்டுமென்றால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

முதலிடத்துக்கே வந்த காமெடிப் பாட்டு இருக்கா?

1970-களில் வரிசையாக. கிளைவ் டன்னின் ‘கிராண்டாட்’ (ஜனவரி 1971), பென்னி ஹில்லின் ‘எர்னி’ (அதே வருடக் கிறிஸ்துமஸ்), விண்ட்சர் டேவிஸும் டான் எஸ்டெலும் பாடிய ‘விஸ்பரிங் கிராஸ்’ (1975), பில்லி கானலியின் ‘டி.ஐ.வி.ஓ.ஆர்.சி.இ.’ (1975). எர்னி ஒரு பால்காரர். ஹில்லே இளவயதில் பால் வண்டி ஓட்டியவர். கானலியுடையது டாமி வைனெட் பாட்டின் கிண்டல். அசலில் விவாகரத்து என்ற சொல் குழந்தைக்குப் புரியாமலிருக்க எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்கள், கானலி அதை நாய்க்குப் புரியாமலிருக்கச் செய்கிறார்.

மான்டி பைத்தான் தட்டு ஒவ்வொரு தடவையும் வேற வேற ஓடுது. தட்டு பழுதா, பிளேயர் பழுதா?

இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அந்தக் காமெடிக் குழுவின் 1973-ம் வருட ‘மேட்சிங் டை அண்ட் ஹாண்ட்கர்ச்சீஃப்’ தட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய இரண்டு தனித்தனித் தடங்கள் வெட்டியிருக்கிறார்கள். ஊசி விழும் நேரத்தில் எந்தத் தடத்தின் வாய் அடியில் வருகிறதோ அதுதான் ஓடும். போதாக்குறைக்கு லேபிள் இரண்டு பக்கத்திலும் ‘இரண்டாம் பக்கம்’ என்றே அச்சிட்டார்கள். இரண்டு தடம் ஒரே இடத்தைப் பங்கு போடுவதால் ஒவ்வொன்றும் வழக்கமான பக்கத்தில் பாதி நேரமே ஓடும்; சீக்கிரம் முடிந்துவிட்டால் அதற்காகவும் கவலைப்பட வேண்டாம்.

கணினியில் ஏற்றும்போது ஊசியைத் தொடக்கத்தில் மட்டுமே இறக்குங்கள். முதல் சில நொடியில் எந்தத் தடம் என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே எடுத்ததே வந்தால் தூக்கி மறுபடி இறக்குங்கள். நடுவில் ஊசி தாண்டினால் அடுத்த தடத்துக்குப் போய்விட வாய்ப்பு உண்டு, எனவே முழுதும் கேட்டுச் சரிபார்க்காமல் கோப்பைச் சேமிக்காதீர்கள்.

லண்டன் தட்டா, டம் டம் தட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கல்கத்தாவின் டம் டம் ஆலையில் எச்.எம்.வி., கொலம்பியா, பார்லஃபோன் மூன்று லேபிளிலும் தட்டு அடித்தார்கள். லேபிளின் ஓரத்தில் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா என்றோ, இந்தியாவில் செய்தது என்றோ இருந்தால் இங்கே அடித்தது. பார்லஃபோன் லேபிளில் பவுண்டு குறிபோல இருப்பதை வைத்து இங்கிலாந்துத் தட்டு என்று விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. அது பவுண்டே இல்லை, பார்லஃபோனைத் தொடங்கிய ஜெர்மனியின் லிண்ட்ஸ்ட்ரோம் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து.

இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலைத் தட்டானால் தடம் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். லேபிளைக் கடிகார முகமாக நினைத்தால், ஆறு மணி இடத்தில் வெட்டு எண். ஒன்பது மணியில் ஒரு தனி எண். மூன்று மணியில் ஓரிரு எழுத்து, அதுதான் அச்சு வார்ப்பின் வரிசை. கிராமஃபோன் கம்பெனி தன் பெயர் எழுத்துகளையே எண்ணாக்கியது: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, எச் 7, லிமிடெட்டின் சுருக்கமான எல்.டி.டி. (L, T, D) முறையே 8, 9, 0. ‘ஆர்.எம்.’ என்றிருந்தால் இருபத்து நான்காவது வார்ப்பு. எண் சிறியதானால் முந்தைய அச்சு.

78 தட்டை எல்பி ஊசியிலேயே போடலாமா? தட்டு கரகரன்னு இருக்கே?

போடாதீர்கள். எல்பி ஊசி முனை ஏறக்குறைய 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது ஏறக்குறைய 75 மைக்ரான். சின்ன ஊசி அகலத் தடத்தின் அடியில் உருண்டு அங்குள்ள தூசியைத்தான் வாசிக்கும். குழல் காலத்துத் தட்டுகள் சரியாக 78 சுற்றில் பதிந்தவை என்ற நிச்சயமும் இல்லை. குரல் கீச்சென்று இருந்தால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கழுவ வடிநீரும் ஒரு சொட்டு சோப்புத் திரவமும் போதும். ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் கூடாது, 78 தட்டு செய்த அரக்கு கரைந்துவிடும்.

பேச்சுத் தட்டில் கீறல் பாட்டுத் தட்டைவிட அதிகம் உறுத்தும், ஏனென்றால் இடைவெளிகளில் மறைக்க இசை இல்லை. மோனோ தட்டானால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானைப் போடுங்கள். மோனோ தடத்தில் சேதி பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. இடது வலது இரண்டையும் கலந்தால் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் அடித்துப்போகும். காசு செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இது. வாங்கும்போது தட்டின் நடுவில் ஒரு பட்டை மட்டும் மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கிறதா பாருங்கள். பழைய சொந்தக்காரருக்குப் பிடித்த துணுக்கு அதில்தான் தேய்ந்திருக்கும்.

பழசுதானே, இணையத்துல ஏத்தினா யார் கேக்கப் போறா?

பதிவுக்கு ஒரு உரிமை, எழுத்துக்கும் மெட்டுக்கும் வேறு உரிமை. பிரிட்டனில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. 1963 முதல் வெளியானவற்றுக்கு எழுபது வருடம். மலிவு விலைத் தொகுப்புகளெல்லாம் 1962 வரையான பதிவுகளோடு நின்றுவிடுவதன் மர்மம் இதுதான். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த வருடத்திலிருந்து அறுபது வருடம்.

எழுத்துரிமை அப்படி இல்லை. மில்லிகன் இறந்தது 2002-ல். பிரிட்டனில் எழுதியவர் இறந்து எழுபது வருடம், அதாவது ‘யிங் டாங் சாங்’ 2072 முடியும்வரை உரிமைக்குட்பட்டது. பதிவு பொதுச்சொத்து, பாட்டு இல்லை. ஏற்றியது நீக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

டெரெக் அண்ட் கிளைவ் தட்டை வீட்ல எல்லாரும் இருக்கும்போது போடலாமா?

வேண்டாம். பீட்டர் குக், டட்லி மூர் 1970-களில் செய்த மூன்று தட்டுகள். கெட்ட வார்த்தை இல்லாத வரி கிடைப்பது அரிது. ‘பியாண்ட் த ஃபிரிஞ்ச்’ குழுவில் இருந்தவர்களே இவர்கள். அதை நம்பி வாங்கினால் திடுக்கிடுவீர்கள்.

இப்ப ஏன் யாரும் இப்படித் தட்டு போடுறதில்லை?

வீடியோ கேசட் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டது. பிடித்த நிகழ்ச்சியைத் திரும்பப் பார்க்க முடியாத காலத்தில்தான் அதன் தட்டை வாங்கினார்கள். 1980-களில் முகபாவத்தோடு வாடகைக்கே கிடைத்தது. பிறகு மிஞ்சியது தர்மக் காரியத்துக்கான சிங்கிள்கள்: ‘த யங் ஒன்ஸ்’ குழுவும் கிளிஃப் ரிச்சர்டும் பாடிய ‘லிவிங் டால்’ (1986), ஹேல் அண்ட் பேஸின் ‘த ஸ்டாங்க்’ (1991), இரண்டும் முதலிடம். 2005-ல் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த ‘அமரில்லோ’வில் பீட்டர் கே பாடவே இல்லை. பாட்டு டோனி கிறிஸ்டியின் பழைய பதிவு, கே வாயசைத்து நடந்த வீடியோவுக்காகத்தான் விற்றது. அந்தத் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நகைச்சுவையே இல்லை.